சொந்தக் காரணங்களை முன்னிட்டு

போன ஜூன் மாதம், கல்லூரி திறந்த வாரத்தில் என் பழைய மாணவி ஒருத்தி தொலைபேசியில் அழைத்தாள். முனைவர் பட்டம் முடித்து, தகுதித் தேர்விலும் தேறி, ஒரு கல்லூரியில் உதவிப் பேராசிரியராகச் சேர்ந்து நான்கு வருடம் ஆகியிருந்தது. கணவருக்கு ஓசூரில் நல்ல வேலை கிடைத்திருக்கிறதாம். "ராஜினாமாக் கடிதம் எப்படி எழுதணும் மேடம்? காரணம்னு என்ன போடறது?" என்று கேட்டாள்.

நான் யோசிக்கவே இல்லை. "'சொந்தக் காரணங்களை முன்னிட்டு'ன்னு போடும்மா. அதுக்கு மேல யாரும் கேக்க மாட்டாங்க" என்றேன்.

போனை வைத்த பிறகுதான் உறைத்தது. 2008 மே மாதம் நானும் இதையேதான் எழுதிக் கொடுத்தேன். எனக்கும் யாரோ ஒரு மூத்த ஆசிரியைதான் சொல்லிக் கொடுத்தார். அதற்கு மேல் யாரும் கேட்கவில்லை.

அப்போது நான் இளங்கலை மாணவிகளுக்கு ‘பெண்களும் அரசியல் பதவிகளும்’ என்ற பாடத்துக்காகக் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தேன். மேசையில் விரிந்து கிடந்ததும் ஒரு ராஜினாமாவின் கதைதான். அமெரிக்க அதிபர் தேர்தலில் போட்டியிடுவதற்காகத் தன் செனட் இருக்கையையே விட்டு எழுந்த பாப் டோலின் கதை. அன்று இரவு அதை வேறு மாதிரி படித்தேன். எழுந்தவரைப் பார்ப்பதற்குப் பதில், அவரைச் சுற்றியிருந்த நாற்காலிகளை எண்ணத் தொடங்கினேன்.

முதலில் எல்லோருக்கும் தெரிந்த கதை. கான்சாஸ் மாநிலத்தைச் சேர்ந்த பாப் டோல் 1961 முதல் எட்டு ஆண்டுகள் பிரதிநிதிகள் அவையிலும், 1969 முதல் செனட்டிலும் இருந்தவர். 1996இல் செனட்டின் பெரும்பான்மைத் தலைவர். பில் கிளிண்டனை எதிர்த்துக் குடியரசுக் கட்சியின் அதிபர் வேட்பாளராவது உறுதியாகிவிட்டிருந்தது. 1992இல் வென்ற செனட் இடம் 1999 ஜனவரி வரை அவருடையது. அமெரிக்க அரசமைப்பு, அதிபர் தேர்தலில் நிற்கும் செனட்டரைப் பதவி விலகச் சொல்லவில்லை. 1960இல் லிண்டன் ஜான்சன் துணை அதிபர் பதவிக்கும் செனட் இடத்துக்கும் ஒரே நேரத்தில் நின்று இரண்டிலும் வென்றார். அவருக்கு வசதியாக டெக்சாஸ் மாநிலம் தன் சட்டத்தையே முன்கூட்டித் திருத்தியிருந்தது. தோற்றால் திரும்பி வந்து உட்கார நாற்காலி இருக்கும் என்பதுதான் அங்கே வழக்கம்.

1996 மே 15 அன்று டோல் அந்த வழக்கத்தை உடைத்தார். செனட்டிலிருந்தே விலகுவதாக அறிவித்தார். இனித் தனக்குப் போக்கிடம் இரண்டுதான், வெள்ளை மாளிகை இல்லாவிட்டால் வீடு என்று தழுதழுத்த குரலில் சொன்னார். கணக்கு இல்லாமல் அவர் அதைச் செய்யவில்லை. கருத்துக்கணிப்புகளில் கிளிண்டன் வெகுவாக முந்தியிருந்தார். கட்சிக்குள் நடந்த போட்டியிலேயே டோல் சட்டம் அனுமதித்த பிரச்சாரச் செலவில் பெரும்பகுதியைத் தீர்த்துவிட்டிருந்தார். குறைந்தபட்சக் கூலி உயர்வு போன்ற விவாதங்களை எழுப்பி எதிர்க்கட்சியினர் அவரை அவைக்குள்ளேயே கட்டிப் போட்டிருந்தனர். வெளியே வந்தால் வாஷிங்டன்காரர் என்ற பெயர் கொஞ்சமாவது கழியும் என்று நினைத்தார்.

ஆனாலும் அந்த இழப்பு பொய்யில்லை. இரண்டாம் உலகப் போரில், 1945 ஏப்ரலில், இத்தாலியில் படுகாயம் அடைந்து வலது கை செயலிழந்தவர். யாரும் கைகுலுக்க அந்தக் கையைப் பிடித்துவிடக் கூடாதென்று அதில் எப்போதும் ஒரு பேனாவை வைத்திருப்பார். அப்படி எழுந்து வந்தவருக்கு செனட் அவையே உலகம். ஜூன் 11ஆம் தேதி இறுதி உரை ஆற்றிவிட்டு வெளியேறினார். இரு கட்சியினரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். தலைவர் அறையை ஒட்டிய மாடத்துக்கு அவர் பெயரை வைத்தார்கள். நவம்பரில் தோற்றுப்போனார். கிளிண்டனுக்கு 379 தேர்வாளர் வாக்குகள், அவருக்கு 159. ஆண்கள் வாக்கு ஏறக்குறைய சரிபாதியாகப் பிரிந்தது. பெண்கள்தான் பெரிய இடைவெளியில் அவரைத் தோற்கடித்தார்கள்.

இப்படி ஒரு செய்தியைத் தமிழில் எழுதும்போது நம் கை தானாகவே ‘பதவியைத் துறந்தார்’ என்று எழுதும். துறவு நம் மொழியில் பெரிய சொல். திருக்குறளில் இல்லறவியலுக்கு அடுத்து வருவது துறவறவியல். ஒரு பெண்ணின் கதையைச் சொல்லும் காப்பியத்தின் பதிகம் அதை ‘மணிமேகலை துறவு’ என்று குறிக்கிறது. அவ்வளவு கனமான சொல்லை நாற்காலியை விட்ட ஆணுக்குச் சட்டென்று எடுத்துக் கொடுத்துவிடுகிறோம். பெண் வேலையை விட்டால் அது துறவு இல்லை. "வேலையை விட்டுட்டா", அவ்வளவுதான். 2008இல் என் அப்பா உறவினர்களிடம் அப்படித்தான் சொன்னார். வருத்தமாகக்கூடச் சொல்லவில்லை. ஊர் மாறியதைச் சொல்வதுபோலச் சொன்னார்.

பாப் டோல் துறந்த கதைக்குப் பக்கத்தில், அவர் மனைவி விட்டுவிட்ட கதை இருக்கிறது.

எலிசபெத் ஹான்ஃபோர்டு வட கரோலினாக்காரர். 1965இல் ஹார்வர்டில் சட்டம் படித்து முடித்தவர். 550 பேர் படித்த வகுப்பில் பெண்கள் 24 பேர். படித்ததைப் பயன்படுத்தப் போகிற எத்தனையோ ஆண்கள் இந்த இடத்துக்கு ஏங்கிக்கொண்டிருக்க, நீ இங்கே என்ன செய்கிறாய் என்று உடன் படித்த ஒருவர் கேட்டதைப் பின்னாளில் அவர் மேடைகளில் சொல்வதுண்டு. 1973இல் கூட்டரசு வர்த்தக ஆணையத்தின் ஐந்து ஆணையர்களில் ஒருவரானார். 1975 டிசம்பரில் பாப் டோலை மணந்தார்.

1976இல் டோல் துணை அதிபர் வேட்பாளர். எலிசபெத் ஆணையத்திலிருந்து விடுப்பு எடுத்துக்கொண்டு பிரச்சாரத்துக்குப் போனார். டோல் செனட்டராகவே இருந்தார், தோற்றார், செனட்டுக்குத் திரும்பினார்.

1979இல் அதிபர் வேட்பாளராகும் முயற்சியில் டோல் முதல்முறை இறங்கினார். எலிசபெத் இந்த முறை ஆணையர் பதவியையே ராஜினாமா செய்தார். நியூ ஹாம்ப்ஷயரில் சில நூறு வாக்குகளோடு அந்த முயற்சி முடிந்தது. டோல் செனட்டராகவே இருந்தார். அதே 1980இல் செனட்டுக்கு மீண்டும் தேர்ந்தெடுக்கவும்பட்டார்.

1983இல் எலிசபெத் அமெரிக்காவின் போக்குவரத்துத் துறை அமைச்சரானார். அந்தத் துறைக்கு முதல் பெண் அமைச்சர். கார்களின் பின்கண்ணாடிக்கு நடுவில் சிவப்பாக எரிகிற மூன்றாவது பிரேக் விளக்கு இருக்கிறதே, புதிய கார்கள் எல்லாவற்றிலும் அது இருக்க வேண்டும் என்ற விதி அங்கே அவர் காலத்தில் வந்ததுதான். இன்று நம் ஊர்ச் சாலையிலும் அந்த விளக்கைப் பார்த்துத்தான் பிரேக் போடுகிறோம். 1987இல் டோல் இரண்டாம் முறை அதிபர் போட்டியில் இறங்கியபோது எலிசபெத் அந்த அமைச்சர் பதவியையும் விட்டார். ரீகன் அமைச்சரவையில் துறை அமைச்சராக அப்போது இருந்த ஒரே பெண் அவர்தான். டோல் அப்போது செனட்டில் சிறுபான்மைத் தலைவர். அவர் எதையும் விடவில்லை. 1988 மார்ச்சில் போட்டியிலிருந்து விலகித் தன் இருக்கைக்குப் போனார்.

இதை நான் மூன்று முறை சரிபார்த்தேன். வேட்பாளர் கணவர், வேலையை விட்டவர் மனைவி. அதிபராக ஆசைப்பட்டவர் நாற்காலியோடு இருந்தார். அவருக்காக ஓட்டுக் கேட்டவர் நாற்காலியை இழந்தார். 1996இல் பாப் டோல் விலகியபோது கைதட்டியவர்களில் எத்தனை பேருக்கு அந்த வீட்டில் இது முதல் ராஜினாமா இல்லை என்பது நினைவுக்கு வந்திருக்கும்?

1987லேயே இதைப் பற்றி அமெரிக்காவில் விவாதம் நடந்தது. இவ்வளவு உயரம் போன பெண்ணும் கடைசியில் கணவருக்குப் பின்னால்தான் போக வேண்டுமா என்று கேட்டார்கள். இது என் தேர்வு என்பதே எலிசபெத்தின் நிலை. அந்தப் பதிலைக் கேலி செய்ய எனக்கு வாய் வரவில்லை. என்னையும் யாரும் வற்புறுத்தவில்லை. கணவருக்கு மாற்றல் ஆணை வந்த அன்றே, அவர் கேட்பதற்கு முன்னால், "நான் விட்டுடறேன்" என்றேன். சொன்னபோது பெருமையாகத்தான் இருந்தது. அரசு உதவி பெறும் கல்லூரியில் நிரந்தரப் பணியிடம் அது. அடுத்த ஏழு ஆண்டுகள் கௌரவ விரிவுரையாளராக மணிக்கணக்குச் சம்பளத்தில் ஓடின. என் இடத்தில் வந்தவர் இப்போது அங்கே துறைத்தலைவர். அவர் மேல் எனக்கு வருத்தம் இல்லை. ஆனால் ஒன்றை மட்டும் பல நாள் யோசித்திருக்கிறேன். அது என் தேர்வு என்றால், அந்த வீட்டில் இரண்டு பேர் இருந்தோமே, தேர்ந்தெடுக்க வேண்டிய நிலை ஏன் எனக்கு மட்டும் வந்தது?

இனி, பாப் டோல் விட்டுப்போன நாற்காலி. அதில் அமர்ந்தவர் ஒரு பெண்.

ஷீலா ஃபிராம் கான்சாஸ் மாநில செனட்டின் முதல் பெண் பெரும்பான்மைத் தலைவராக இருந்தவர்; அம்மாநிலத்தின் முதல் பெண் துணை ஆளுநர். டோல் விலகிய ஜூன் 11 அன்று, ஆளுநரின் நியமனத்தில், அவர் செனட்டரானார். கான்சாஸின் இன்னொரு செனட்டர் நான்சி காசபாம். 1936இல் ரூஸ்வெல்ட்டிடம் தோற்ற அதிபர் வேட்பாளர் ஆல்ஃப் லாண்டனின் மகள். ஆக, கலிஃபோர்னியாவுக்கு அடுத்து, இரண்டு செனட்டர்களும் பெண்களாக இருந்த மாநிலம் ஆனது கான்சாஸ். இந்த வரியைப் படித்து நான் மகிழ்ந்தது அடுத்த வரி வரைக்கும்தான். ஆகஸ்ட் 6 அன்று நடந்த கட்சி முதல்நிலைத் தேர்தலில் ஃபிராம் தோற்றார். நியமனம் பெற்று எட்டே வாரம். கருக்கலைப்பு உரிமையை ஆதரித்த மிதவாதி அவர். வென்ற சாம் பிரவுன்பேக் அதைக் கடுமையாக எதிர்த்தவர். நவம்பரில் ஃபிராம் வெளியேறினார். ஐந்து மாதம்கூட முழுதாக ஆகவில்லை. காசபாமும் அந்த ஆண்டோடு ஓய்வு பெற்றார். அடுத்த கால் நூற்றாண்டுக்கு அந்த மாநிலம் வேறொரு பெண்ணை செனட்டுக்கு அனுப்பவில்லை.

அதே நாற்காலியில் அமர்ந்த பிரவுன்பேக் 2007இல் அதிபர் வேட்பாளராக முயன்றார். சில மாதங்களில் விலகினார். நாற்காலியை விடவில்லை. முயற்சி முடிந்ததும் அங்கேயே உட்கார்ந்து மேலும் மூன்று ஆண்டுகளைக் கழித்தார்.

ஆண்களில் வேறு சிலரும் இருக்கையை விட்டிருக்கிறார்கள். 1964இல் பாரி கோல்ட்வாட்டர் அதிபர் தேர்தலுக்காகத் தன் செனட் இடத்தில் மீண்டும் போட்டியிடவில்லை. படுதோல்வி அடைந்தார். நான்கே ஆண்டில் அதே அரிசோனாவிலிருந்து செனட்டுக்குத் தேர்வாகி 1987 வரை இருந்தார். விட்டவருக்கு இன்னொரு நாற்காலி காத்திருந்தது.

அதே 1964இல், அதே கட்சியில், கோல்ட்வாட்டரை எதிர்த்து ஒரு பெண் செனட்டரும் நின்றார். மெய்ன் மாநிலத்தின் மார்கரெட் சேஸ் ஸ்மித். கணவர் இறந்த பிறகு, 1940இல், அவருடைய இடத்தில் பிரதிநிதிகள் அவைக்கு வந்து, பிறகு தன் சொந்த வெற்றியால் செனட்டுக்கு வந்தவர். நாட்டின் பெரிய கட்சி ஒன்றின் மாநாட்டில் அதிபர் வேட்பாளராகப் பெயர் முன்மொழியப்பட்ட முதல் பெண். அவர் பிரச்சாரத்துக்காகச் செனட் வாக்கெடுப்பு ஒன்றைக்கூடத் தவறவிடவில்லை. அவை கூடாத நாட்களில் மட்டும் ஓட்டுக் கேட்கப் போனார். 1955 முதல் 1968 வரை தொடர்ச்சியாக 2,941 வாக்கெடுப்புகளில் கலந்துகொண்டவர். சான் பிரான்சிஸ்கோ மாநாட்டில் அவருக்குக் கிடைத்தவை 27 வாக்குகள்.

அந்தப் பிடிவாதத்தைக் கடமை உணர்ச்சி என்று எழுதுகிறார்கள். இருக்கலாம். எனக்கு அதில் வேறொன்றும் தெரிகிறது. விட்டால் திரும்பக் கிடைக்காது என்று தெரிந்தவர்கள் நாற்காலியை இப்படித்தான் பிடித்துக்கொண்டிருப்பார்கள். கோல்ட்வாட்டரால் விட முடிந்தது. துறப்பதற்கும் ஒரு வசதி வேண்டியிருக்கிறது.

எலிசபெத் டோலை நான் நாயகியாக்கவில்லை. அவரும் கருக்கலைப்பு உரிமையை எதிர்த்த பழமைவாதி. வசதியான வீட்டுப் பெண். அமைச்சர் பதவி போனாலும் அடுத்த அதிபரிடம் தொழிலாளர் துறை அமைச்சராக முடிந்தது. நானும் என் மாணவியும் அந்தக் கணக்கில் சேர மாட்டோம். ஆனால் அவருடைய பட்டியலில் நான் கற்றுக்கொண்ட ஒன்று இருக்கிறது.

1991 முதல் அவர் அமெரிக்கச் செஞ்சிலுவைச் சங்கத்தின் தலைவர். கணவர் செனட்டைத் துறந்த 1996 தேர்தலின்போது இவர் ராஜினாமா செய்யவில்லை. விடுப்பு எடுத்தார். கணவர் வென்று தான் வெள்ளை மாளிகைக்குப் போனாலும் இந்த வேலைக்குத் திரும்புவேன் என்று முன்கூட்டியே சொன்னார். ஆகஸ்டில் சான் டியாகோ மாநாட்டில் மேடையை விட்டு இறங்கி, ஒலிவாங்கியோடு கூட்டத்துக்குள் நடந்தபடியே கணவரைப் பற்றிப் பேசி எல்லோரையும் கட்டிப்போட்டார். 1997 ஜனவரியில் தன் நாற்காலிக்குத் திரும்பினார். அந்த முறை வீட்டில் இருந்தவர் கணவர்.

அதன் பிறகு ஒருமுறை, 1999 தொடக்கத்தில், அவர் தனக்காகவே ராஜினாமா செய்தார். செஞ்சிலுவைச் சங்கத்தை விட்டு, தானே அதிபர் வேட்பாளராகும் முயற்சியில் இறங்கினார். மே மாதம் பாப் டோல் ஒரு நாளிதழ்ப் பேட்டியில் மனைவியின் வெற்றி வாய்ப்பைச் சந்தேகித்துப் பேசினார். போட்டியாளரான தன் நண்பர் ஜான் மெக்கெய்னுக்கு நன்கொடை கொடுக்க நினைப்பதாகவும் சொன்னார். மனைவி அதைச் சிரித்துச் சமாளித்தார். இருபத்து மூன்று ஆண்டுகளில் நான்கு தேர்தல்களுக்காக மனைவி வேலையை விட்டும் விடுப்பெடுத்தும் உழைத்திருக்க, கணவரால் ஆறு மாதம் வாயைக் கட்ட முடியவில்லை. ஜார்ஜ் புஷ் 5 கோடி டாலருக்கு மேல் திரட்டியிருந்தார். எலிசபெத் திரட்டியது சுமார் 50 லட்சம். அக்டோபர் 20 அன்று, ஒரு வாக்குகூடப் பதிவாகும் முன்பே, பணம் இல்லை என்று சொல்லி விலகினார். 2002இல் வட கரோலினாவின் முதல் பெண் செனட்டரானார். அப்போது அவருக்கு 66 வயது. கணவர் அந்த அவைக்குள் நுழைந்தபோது 45.

இடையில் ஓடிய வருடங்களை யார் கணக்கில் வைப்பது?

இங்கேதான் வரலாறு எழுதுகிறவர்களின் சிக்கல் இருக்கிறது. வரலாறு கோப்புகளிலிருந்து எழுதப்படுகிறது. எலிசபெத் அமைச்சராக இருந்ததால் அவர் ஏன் விலகினார் என்பது நாளிதழில் பதிவாகியிருக்கிறது. நம் கல்லூரிகளில், பள்ளிகளில், வங்கிகளில், மருத்துவமனைகளில் கணவரின் மாற்றலுக்காக, மாமியாரின் உடல்நிலைக்காக, பிள்ளையின் பத்தாம் வகுப்புக்காக வேலையை விட்ட பெண்களின் பணிப்பதிவேட்டை எடுத்துப் பாருங்கள். அத்தனையிலும் ஒரே காரணம்தான் இருக்கும்: சொந்தக் காரணங்கள். நாளை ஒரு ஆய்வாளர் அந்தக் கோப்புகளைப் புரட்டினால், இந்தத் தலைமுறைப் பெண்கள் எல்லோருக்கும் என்னவோ சொந்தக் குறை இருந்திருக்கிறது போல என்றுதான் நினைப்பார். ஒரு சமூகத்தின் காரணத்தை ஒவ்வொருத்தியும் தன் சொந்தக் காரணமாக எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறோம். அந்தச் சொற்றொடரை நானும் ஒருத்திக்குக் கற்றுக்கொடுத்திருக்கிறேன், ஒரு நொடிகூட யோசிக்காமல்.

மறுநாள் காலை அவளைத் திரும்ப அழைத்தேன். வேலையை விடாதே என்று சொல்லவில்லை. அதைச் சொல்ல எனக்கு உரிமை இல்லை. அவள் வீட்டு நிலைமை அவளுக்குத்தான் தெரியும். இரண்டு விஷயம் மட்டும் சொன்னேன். முதலில் ஊதியமில்லா விடுப்புக்கு விண்ணப்பிக்க முடியுமா என்று கேள், திரும்பி வரும் தேதியைப் போட்டுக் கேள் என்றேன். 2008இல் நான் அதைக் கேட்டிருக்கலாம். கேட்க வேண்டும் என்றே தோன்றவில்லை. இரண்டாவது, கடைசியில் ராஜினாமாதான் என்றால், காரணத்தை உள்ளபடி எழுது.

"அப்படி எழுதினா ஏதும் நினைச்சுக்க மாட்டாங்களா மேடம்?"

"நினைக்கட்டும். கோப்புல இருக்கட்டும்."

கொஞ்ச நேரம் அவள் பேசவில்லை. பிறகு, "நீங்களே ஒரு வரி சொல்லுங்க, எழுதிக்கிறேன்" என்றாள்.

பதினேழு வருடம் தாமதமாக அந்த வரியைச் சொன்னேன்: என் கணவர் வேறு ஊரில் பணி ஏற்பதால், நான் என் பணியிலிருந்து விலகுகிறேன்.